கண்ணுக்குத் தெரிந்த கப்பல்

அந்தப் படகைப் பார்த்து முதலில் சிரித்தவள் நான்தான்.

கப்பலின் பின்பக்கத் தளத்தில், காற்றுக்கு மறைவான ஓரத்தில், டீக் கோப்பையுடன் நின்றிருந்தேன். கடல் ஈயத்தை உருக்கி ஊற்றியதுபோலக் கனத்துக் கிடந்தது. நுரை இல்லை, இரைச்சல்கூட அதிகம் இல்லை. அடியிலிருந்து யாரோ தோள் கொடுத்துத் தூக்குவதுபோல மெல்ல எழும்பும், பிறகு அப்படியே கைவிட்டுவிடும். அப்போது தூத்துக்குடிக் கரையோரத்து முயல்தீவுப் பக்கமிருந்து ஒரு பைபர் படகு வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டிருந்தது என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். ஒரு கணம் தெரியும். அடுத்த கணம் கடல் அதை விழுங்கிவிட்டு, ருசி பிடிக்காமல் வெளியே துப்பும்.

"இங்க பாருங்க, எவனோ வீடியோ எடுக்க வாரான் போலுக்கு" என்றேன் என் வீட்டுக்காரரிடம். "மீன்காரன் ஒருத்தன் கடல்ல இல்ல. இதுகளுக்கு மட்டும் என்ன கேடு?"

பக்கத்தில் நின்ற சமையல்காரரும் சிரித்தார். நான் இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டேன். "செத்தாத்தான் இதுகளுக்குப் புத்தி வரும்."

என் வீட்டுக்காரர் பைனாகுலரைக் கண்ணில் வைத்திருந்தார். அதை எடுக்காமலே, "ஏளா, நீ உள்ள போ" என்றார்.

"எதுக்கு?"

"போன்னு சொல்லுதேன்லா."

இருபத்துச் சொச்சம் வருடத் தாம்பத்தியத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தேன். படகில் மூன்று பேர். நடுவில் இருந்தவன் மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தான். சென்ற மழைக்காலத்தில் நான்தான் அதை வாங்கிக் கொடுத்தேன், கூட்டத்தில் தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று.

தெரிந்தது. உள்ளே இருந்தது என் மகன் ரீகன்.

கரித்தூள் ராணி

அந்தக் கப்பலில் எனக்கு என்ன வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். நடுவில் வந்து ஏறியவர்களுக்காக மறுபடியும்.

என் வீட்டுக்காரர் கரி ஏற்றும் கப்பலில் சீஃப் இன்ஜினியர். பாரதீப்பில் நிலக்கரியை ஏற்றித் தூத்துக்குடியில் இறக்குவார்கள்; மறுபடி போவார்கள், மறுபடி வருவார்கள். கலியாணமான நாளிலிருந்து, "ஒரு தடவையாவது கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள். விடுமுறை கிடைக்கும்போது கப்பல் இருக்காது, கப்பல் இருக்கும்போது தேர்வு இருக்கும். ஒருவழியாக இந்த முறை அமைந்தது. கம்பெனி அனுமதி கொடுத்தது. ரயிலில் போய்ப் பாரதீப்பில் ஏறினேன்.

வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கப்பலில் மாலை நேரத்தில் இசைக் கச்சேரி நடக்குமா, சாப்பாட்டுக்கு எந்த மாதிரி உடை உடுத்துவீர்கள் என்று கேட்டிருக்கிறார். அம்மா, கரிக் கப்பலில் எந்த நிறத்தில் உடுத்தினாலும் சாயங்காலம் ஒரே நிறம்தான். தலையணையில் கரி. தயிர்ச் சோற்றில் கரி. மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் நெய்வேலி. இதுதான் என் கடற்பயண இன்பம்.

திரும்பி வந்து சேர வேண்டிய நாளுக்குப் பின்னால் தாராளமாக அவகாசம் விட்டுத்தான் என் மகள் மெர்சியின் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்திருந்தோம். அதை நான்தான் கணக்குப் போட்டேன். எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிறவள் நான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில், பஸ் கவிழ்ந்தால் எந்தப் பக்க ஜன்னல் வழியாகக் குதிக்க வேண்டும் என்றுகூடச் சொல்லி அனுப்பியவள்.

வங்காள விரிகுடா என் கணக்கைப் பார்க்கவில்லை. தெற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, மன்னார் வளைகுடாவுக்குள் புகுந்து, இருக்கிற இடம் பிடித்துப்போய் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். உள்ளே நின்ற கப்பல்களையே வெளியே அனுப்பினார்கள். வெளியே நின்ற எங்களைக் கிட்டவே வராதே என்றார்கள். நாங்கள் விலகிப்போய்ப் புரண்டோம். அதை விவரிக்க மாட்டேன். கட்டிலிலிருந்து உருளாமலிருக்க என்னைத் துப்பட்டாவால் கட்டிப் போட்டிருந்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிறகு காற்று அடங்கியது. திரும்பி வந்து, ஊருக்கு வெளியே நங்கூரம் போட்டோம்.

மொட்டை மாடியிலிருந்து

இங்கேதான் வினை பிடித்தது.

நங்கூரம் போட்ட இடத்திலிருந்து ஊர் தெரிந்தது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. வெயில் அடித்தால் உப்பளத்துக் குவியல்கள்கூட வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. கப்பலின் பின்பக்கத்து மூலையில், குசினியில் சமைத்த கழிவைக் கொட்டும் குப்பைத்தொட்டிப் பக்கம், செல்போனுக்கு சிக்னலும் கிடைத்தது. கெட்ட வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு உறவுக்காரர்களோடு பேசினேன்.

புயல் போய்விட்டது என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். ஊரில் சுள்ளென்று வெயில். துவைத்துப் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்ததாம். ஆனால் புயல் போன பிறகும் கடலுக்குள் அது விட்டுப்போன வீச்சு, அடியிலிருந்து எழும்பும் அந்தக் கனத்த அலை, அடங்க நாளாகும். அந்த வீச்சில், கப்பலுக்கு வழிகாட்டி உள்ளே கொண்டுபோகும் துறைமுகத்து பைலட், சின்ன லாஞ்சுப் படகில் வந்து கயிற்றேணி பிடித்து ஏற முடியாது. பைலட் ஏறாமல் கப்பல் உள்ளே போக முடியாது. இதை நான் என் மாணவிகளிடம் சொன்னால் ஒரே தடவையில் புரிந்துகொள்வார்கள். என் சொந்தக்காரர்களுக்கு எத்தனை தடவை சொன்னேன் என்பதற்கு அந்தக் குப்பைத்தொட்டிதான் சாட்சி.

"அக்கா, எங்க வீட்டு மொட்டை மாடியிலயிருந்து பாத்தா ஒங் கப்பல் தெரியுது" என்றான் என் தம்பி சேவியர்.

"தெரியட்டும்."

"இன்னா இங்கன நிக்குது. கையத் தூக்கிக் காமி, பாப்போம்."

"ஏலே, பைலட் வராம கப்பல் நகராது."

"பைலட்டு கெடக்கான் பைலட்டு. நமக்குத் தெரியாத கடலா?"

மாப்பிள்ளை அருளின் அம்மா, என் வருங்காலச் சம்பந்தி, அவரும் பேசினார். ஞாயிறு தவறாமல் பூசைக்கு முன்வரிசையில் உட்காருகிறவர். கையில் செபமாலை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. அவர் குறித்த நாளைத் தள்ளக் கூடாது என்றார். ஏன் என்று கேட்டேன். "குறிச்ச நாள மாத்துனா விளங்காதுன்னு எங்க வீட்டுல ஒரு வழக்கம்" என்றார். பங்குச் சாமியாரிடம் கேட்டாரா என்று கேட்க நினைத்தேன். சம்பந்தி ஆகப்போகிறவர், கேட்கவில்லை.

"பெண்ணப் பெத்தவ கையால தட்டு வாங்குனாத்தான் எங்களுக்குத் திருப்தி. கப்பல் கண்ணுக்குத் தெரியுதாம்லா? பெறவு வர என்னவாம்?"

"தள்ளி வைச்சிருவோம்" என்று மெர்சியிடம் சொன்னேன்.

"நான் முந்தியே சொல்லிட்டேன்மா. நாளக்கழிச்சு வச்சா என்ன, உலகம் அழிஞ்சா போகும்னு கேட்டேன். இங்கன என் பேச்ச யாரு கேக்கா? மாமா பெரிய ஆளாட்டம் பேசிட்டு அலையுதாரு."

அது என் காதில் விழுந்தது. பெரிய ஆளாட்டம் என்றால் எவ்வளவு பெரிதாக என்று நான் கேட்டிருக்க வேண்டும். சிக்னல் போய்விட்டது.

முத்துக்குளித்த பரம்பரை

என் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சேவியர் ஏசி மெஷின் விற்கிறான். நல்ல கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே போனால் குளிர். அந்தக் கடையில் மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறான். இடுப்பில் கயிறு, காலில் கல், ஒருவன் கடலுக்குள் இறங்குகிறான். யாரோ கம்ப்யூட்டரில் செய்து கொடுத்தது. முகம் சினிமா நடிகர் சாயலில் இருக்கும். வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம், "எங்க பாட்டன் பூட்டன் காலத்துத் தொழில். ரத்தத்துல கடல் ஓடுது" என்பான்.

எங்கள் ஊரில் யாருடைய ரத்தத்தில் கடல் ஓடவில்லை? எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு முத்துக்குளித்த பாட்டன் உண்டு. அத்தனை பாட்டன்களும் குளித்திருந்தால் கடலில் சிப்பிக்கு இடமிருந்திருக்காது. முத்தெடுக்கக் குவித்த சிப்பி அழுகும்வரை கரையில் உட்கார்ந்து காவல் இருந்தவனின் பேரன் என்று எவனும் சொல்ல மாட்டான். முத்து யார் கழுத்துக்குப் போனது, மூச்சடக்கிக் காது வெடித்தவன் என்ன கொண்டுபோனான் என்று எவனும் கேட்கவும் மாட்டான். காது கேளாமல் செத்தவனை வாரிசுகள் வால்பேப்பர் ஆக்கிவிட்டார்கள்.

கொற்கைக்கு ஒருமுறை மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் காலத்துத் துறைமுகம் என்று புத்தகத்தில் படித்துவிட்டு, கடல் எங்கே டீச்சர் என்று கேட்டார்கள். வாழைத் தோட்டத்தைக் காட்டினேன். கடல் பல மைல் தள்ளிப் போய்விட்டது. கடலுக்கே எப்போது பின்வாங்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. ஏசி விற்கிறவனுக்குத் தெரியவில்லை.

சேவியர் கடைசியாகப் படகில் ஏறியது மாதா திருவிழாச் சமயத்தில், காசு வாங்கிக்கொண்டு ஏற்றிச் சுற்றிக் காட்டுகிற படகில். அதிலும் அவன் மனைவி மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டுதான் திரும்பினான்.

அப்படிப்பட்டவன் நிச்சயதார்த்தத்தன்று காலையில் சம்பந்தி வீட்டு ஆட்கள் நடுவில் நின்று சொல்லியிருக்கிறான்: "பைலட்டு வரலேன்னா என்ன? நான் போய் எங்க அக்காவக் கூட்டிட்டு வாரேன்."

எங்கள் கடற்கரையில் இப்படிச் சொல்லிவிட்டால் பிறகு பின்வாங்க வழி கிடையாது. வேறு ஊராக இருந்தால், 'அட, விடுங்க, ஆபத்து' என்று நாலு பேர் தடுத்திருப்பார்கள். இங்கே தடுப்பவன் பயந்தவன் ஆகிவிடுவான். ஆகவே எல்லோரும் தலையாட்டினார்கள். சிலர் கடற்கரை வரை வழியனுப்பவும் போனார்கள்.

மீன்வளத்துறை அன்று யாருக்கும் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை. நிஜமாகக் கடலில் பிழைக்கிறவர்கள் வலை தைத்துக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் இருந்தார்கள். படகு கிடைத்தது எப்படியென்றால், படகுக்காரர் வீட்டு ஏசிக்கு சேவியர் தவணை கேட்காமல் விட்டு வைத்திருந்தான். ஓட்டுவதற்கு ஆள், அவன் பழைய சேக்காளி டைட்டஸ். ஒரு காலத்தில் கடலுக்குப் போனவன், இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான்.

கயிற்றேணி

பைனாகுலரில் மஞ்சள் கோட்டைப் பார்த்த இடத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் அங்கே போகாமல் சுற்றிக்கொண்டிருந்ததற்குக் காரணம், அதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

கேப்டன் மேலே, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜிலிருந்து, ஒலிபெருக்கியில் கத்தினார். திரும்பிப் போ, திரும்பிப் போ என்று ஆங்கிலத்தில். என் தம்பி எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினான். வரவேற்கிறார்கள் என்று நினைத்தானாம்.

கரையிலிருந்து பார்க்கும்போது கப்பல் பொம்மைபோல நிற்கிறது. கிட்டே வந்த பிறகுதான் அது ஆடுகிற சுவர் என்று தெரிகிறது. படகு எங்கள் பக்கவாட்டுக்கு வந்ததும் ஒரு வீச்சு அதைத் தூக்கி, பின்பக்கமாகத் தண்ணீரை வாரி ஊற்றியது. மோட்டார் இருமியது. நின்றுவிட்டது. டைட்டஸ் மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்தான், இழுத்தான். என் மகன் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, நிமிர்ந்து மேலே பார்த்தான். என்னைப் பார்த்தானா என்று தெரியாது. அவன் வாய் திறந்திருந்தது.

கேப்டன் இரண்டு திட்டு திட்டிவிட்டு, கயிற்றேணியை இறக்கச் சொன்னார். எறிகயிறு வீசினார்கள். முதல் கயிறு காற்றில் போயிற்று. அடுத்ததை டைட்டஸ் பிடித்துக் கட்டினான். படகு கப்பலின் இரும்பில் மோதியது. தகரப் பெட்டியை நசுக்கும் சத்தம்.

"ரீகன், நீ மொதல்ல!" என்று டைட்டஸ் கத்துவது கேட்டது. "படகு மேல ஏறும்போது ஏணியப் புடி மக்கா! எறங்கும்போது புடிக்காத! இப்ப இல்ல... இப்ப இல்ல... ஏலே, இப்ப இல்லல!"

அவன் இறங்கும்போதுதான் பிடித்தான்.

படகு அவன் காலுக்கடியிலிருந்து கீழே போயிற்று. ஏணியின் கடைசிக் கட்டையில் கைகளால் மட்டும் தொங்கினான். கால்கள் காற்றில் தேடின. அந்தக் கால்களை நான் பார்த்தேன். ஒரு காலில் செருப்பு இல்லை. பிறகு கடல் படகை மறுபடி தூக்கியது. படகின் விளிம்பு மேலே வந்தது, வந்துகொண்டே இருந்தது, அவன் வலது காலைக் கப்பலோடு வைத்து அழுத்தியது.

நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. என் வீட்டுக்காரர் என் இரண்டு தோளையும் பின்னாலிருந்து பிடித்திருந்தார். அவர் கை விரல் பதிந்த இடம் பின்னர் நீலமாகியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவரும் பயந்திருந்தார் என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டு மாலுமிகள் ஏணியில் இறங்கி, அவன் மழைக்கோட்டின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார்கள். தளத்தில் கிடத்தியதும் வாந்தி எடுத்தான். கடல் தண்ணீரும், எங்கள் ஊர் முந்திரிப் பலகாரமான மக்ரூனும். எங்கள் ஊர்க்காரன் சாகப் போனாலும் மக்ரூன் தின்றுவிட்டுத்தான் போவான்.

அடுத்து டைட்டஸ் ஏறினான். கடைசியாக என் தம்பியை இடுப்பில் கயிறு கட்டி இழுத்தார்கள். அவன் ஆசைப்பட்ட படம் ஒருவழியாக நிஜமானது, கயிறு மட்டும் மேல்நோக்கிப் போனது. கட்டவிழ்ந்த படகு கப்பலின் பின்னால் போய்ப் புரண்டது. மோட்டாரோடு அதை மறுபடி யாரும் பார்க்கவில்லை.

சேவியர் முழங்காலில் எழுந்தான். மார்போடு ஒரு மூட்டையை அணைத்திருந்தான். ஆரஞ்சு நிறத்தில் ஏதோ சுற்றி, கயிறு போட்டுக் கட்டிய மூட்டை. அதை என்னிடம் நீட்டினான்.

"சேல நனையல அக்கா" என்றான்.

அவன் மனைவி கொடுத்து அனுப்பிய பட்டுச்சேலை. நான் வருகிற வழியிலேயே உடுத்தி, நேராக நிச்சயதார்த்தப் பந்தலில் இறங்குவதற்காக. நனையாமல் இருப்பதற்காக அதைச் சுற்றி வைத்திருந்தது உயிர்காக்கும் மிதவைச் சட்டை. மூன்று பேருக்கு அந்தப் படகில் இருந்த ஒரே மிதவைச் சட்டை.

ஓங்கி அறைந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைக்கூட அடித்ததில்லை நான். கேப்டன் கீழே இறங்கி வந்தவர், நான் இரண்டாவது அறை விடும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். பிறகுதான் விசாரணையைத் தொடங்கினார்.

கேட்காத கேள்வி

ரீகனின் கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. கப்பலில் முதலுதவிப் பயிற்சி பெற்ற அதிகாரி பலகை வைத்துக் கட்டி, வலிக்கு ஊசி போட்டார். கரையிலிருந்த டாக்டரிடம் ரேடியோவில் கேட்டுக் கேட்டுச் செய்தார். அன்று கரையில் நிச்சயதார்த்தம் நடக்கவில்லை. உலகம் அழியவில்லை.

மறுநாள் காலையில் வீச்சு தணிந்திருந்தது. பைலட் மதியத்துக்குள் வந்துவிடுவார் என்றார்கள். நான் ரீகனுக்கு இட்லி பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தேன். இருபத்துச் சொச்சம் வயது, இன்ஜினியரிங் முடித்தவன், ஆனாலும் வாயைத் திறந்தான்.

"மாமா கூப்பிட்டா வரமாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே? உனக்கு எங்க போச்சு புத்தி?"

வாயிலிருந்த இட்லியை மென்றுகொண்டே இருந்தான்.

"சொல்லுய்யா."

"மாமா கடற்கரையில வச்சு, 'யாருல வாரிய?'ன்னு கேட்டாரும்மா. மாப்ளயும் நின்னாரு, அவங்க அம்மாவும் நின்னாங்க. அருள் தலையக் குனிஞ்சிட்டாரு. எல்லாரும் என்னையப் பாத்தாங்க."

"அதுக்கு?"

"வரலன்னா ஏன்னு கேப்பாங்கள்ளா."

"கேட்டா பயமா இருக்குன்னு சொல்லு."

"பயமா இருக்குன்னு சொல்லிரலாம்மா. ஏன் பயம்னு கேட்டா?" கூரையைப் பார்த்தான். "எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

இட்லி கையிலேயே நின்றது.

அவனுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று தெரியும். எந்தப் பல்லில் அடைப்பு என்று தெரியும். லிப்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று நான் அவனுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் தெருவில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. மூச்சுவிடத் தெரியுமா என்று கேட்பதுபோல இருக்கும். சின்ன வயதில் சாயங்காலமானால் மற்றப் பையன்கள் கடலுக்கு ஓடினார்கள், இவனை நான் டியூஷனுக்கு அனுப்பினேன். பிறகு அவனே எங்கேயோ கற்றுக்கொண்டிருப்பான் என்று விட்டுவிட்டேன்.

"யாருக்குத் தெரியும் இது?"

"யாருக்கும் தெரியாது. சேக்காளிமாரு கடல்ல எறங்குனா நான் கரையில செல்போனப் பாத்துக்கிட்டு நிப்பேன். டைட்டஸ் அண்ணன்கிட்ட மட்டும் பாதி வழியில சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"'அத இப்பவா சொல்லுவ'ன்னு ஏசுனாரு."

மாலையும் மைக்கும்

பைலட் வந்தார். அதே கயிற்றேணியில், மாடிப்படி ஏறுவதுபோல ஏறினார். இழுவைக் கப்பல்கள் இரண்டு பக்கமும் வந்து முட்டின. கல் கொட்டிக் கட்டிய அலைத்தடுப்புச் சுவருக்குள் நுழைந்ததும் ஆட்டம் நின்றது.

நான் எதிர்பார்த்து வந்த தூத்துக்குடி வருகை இதுதான். வேடிக்கை பார்க்க வேண்டிய எதையும் பார்க்கவில்லை. கரி இறக்கும் கிரேனை அண்ணாந்து பார்த்தபடி, கடலோரக் காவல் அதிகாரி கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சேவியரும் டைட்டஸும் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு, கூப்பிடும்போதெல்லாம் வருவதாகக் கையெழுத்துப் போட்டார்கள். ரீகனை ஆம்புலன்ஸில் ஏற்றினோம்.

துறைமுக வாசலைத் தாண்டியதும் ஆம்புலன்ஸ் நின்றது. வெளியே கூட்டம்.

மாலை வைத்திருந்தார்கள். தோளில் போட ஒரு சால்வையும். முந்தைய நாள் பூராவும் சேவியர் குப்பைத்தொட்டிப் பக்கம் நின்று யார் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்ததன் பலன். ஒரு பையன் செல்போனையும் மைக்கையும் நீட்டினான். அவன் சேனலில் தலைப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததாம்: தாயை அழைத்துவரப் புயலில் பாய்ந்த முத்துக்குளிக்கும் பரம்பரை வாரிசு.

சம்பந்தியம்மா முன்னால் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர். "எங்க வீட்டு நிச்சயத்துக்காக உசுரையே குடுக்கத் துணிஞ்சிட்டாங்கல்லா! இந்த மாதிரி சம்பந்தம் எவளுக்குக் கெடைக்கும்?" என்று மைக்கைப் பார்த்துச் சொன்னார். கையிலிருந்த செபமாலை என் விரலில் குத்தியது.

"பரம்பரைன்னா சும்மாவா?" என்றான் சேவியர். ஒரு கன்னம் இன்னும் சிவந்திருந்தது.

அருள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். மெர்சி என் பக்கம் வந்து நின்றாள். "நீங்க எப்படி ஃபீல் பண்றீங்க மேடம்?" என்றான் மைக் வைத்திருந்த பையன்.

எனக்கு என்ன தோன்றியதோ, மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"என் மகனுக்கு நீச்சல் தெரியாது" என்றேன்.

ஆம்புலன்ஸுக்குள்ளிருந்து, "எம்மா!" என்று ரீகனின் குரல் வந்தது. அவமானத்தில் செத்துப்போகிறவன் குரல். நேற்று நிஜமாகவே சாகப் போனபோது அந்தக் குரலை எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுத்தான் படகுல ஏறினான். பரம்பரையாம், பரம்பரை! மிதவைச் சட்டையச் சேலைக்குப் போட்டு, பிள்ளையச் சும்மா ஏத்திட்டு வந்த பரம்பரை."

"அக்கா, கேமரா ஓடுது" என்றான் சேவியர்.

டைட்டஸ்தான் முதலில் சிரித்தான். சிரித்துவிட்டு, "சேவியருக்கு மட்டும் தெரியுமாக்கும்? சின்னப்பிள்ளையிலயே தண்ணியில எறங்குனா அழுவான்" என்றான். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் எதற்குத் திரும்பினார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

அப்போது அருள் முன்னால் வந்தான். பொண்ணு பார்க்க வந்த நாளில் நாலே நாலு வார்த்தை பேசியவன். அதிகம் பேசாதவனை எப்படி நம்புவது என்று நான் என் வீட்டுக்காரரைப் பல நாள் தூங்கவிடாமல் செய்திருக்கிறேன்.

"ஆன்ட்டி, எனக்கும் நீச்சல் தெரியாது" என்றான். "கடற்கரையில மாமா கேட்டப்போ அதான் தலையக் குனிஞ்சேன். ரீகன் ஏறும்போது வேண்டாம்னு நான் சொல்லிருக்கணும். சொன்னா என்னையக் கேப்பாங்கன்னு வாய மூடிக்கிட்டேன்."

"ஏலே, உன்ன யாரு இப்பக் கேட்டா?" என்று அவன் அம்மா சீறினார். "சால்வையப் போட்டுட்டுப் பேசாம வா."

சால்வை அருள் கையில்தான் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் நாலாக மடித்தான். பிறகு என்னைப் பார்த்தான், தண்டனைக்குக் காத்திருக்கிற மாதிரி.

ஆம்புலன்ஸின் கதவைத் திறந்தேன்.

"ஏறுங்க தம்பி. ரோடெல்லாம் குழி. ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் கால அசையாமப் புடிச்சுக்கிட ஆள் வேணும்."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினான். மடித்த சால்வையை ரீகனின் கணுக்காலுக்கு அடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.